அல்சர்: வயித்தை மட்டும் பாத்தா பாதிதான் தெரியும்

அல்சர்னு ஒருத்தர் சொன்னதும் சுத்தி இருக்கிறவங்க முதல்ல கேக்கிறது "நேரத்துக்கு சாப்பிடுறதில்லையா?", அடுத்தது "காரத்தைக் குறைங்க", அதுக்கும் அடுத்தது "ரொம்ப டென்ஷன் ஆகாதீங்க". அக்கறையில சொல்றதுதான், ஆனா இந்த மூணுமே அல்சருக்கு மூல காரணம் கிடையாது. இரைப்பையிலயோ அதை ஒட்டி இருக்கிற முன்சிறுகுடல்லயோ வர்ற புண்ணுல பெரும்பாலானதுக்கு ரெண்டே காரணம்தான். ஒண்ணு ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற பாக்டீரியா, இன்னொண்ணு ஆஸ்பிரினும் வலி மாத்திரைகளும். காரம் சாப்பிட்டா ஏற்கனவே இருக்கிற புண்ணு எரியும், மனக்கஷ்டத்துல வலி இன்னும் அதிகமா தெரியும், அதெல்லாம் உண்மைதான். ஆனா வருஷக்கணக்கா பத்தியம் இருந்துக்கிட்டே, உள்ள இருக்கிற பாக்டீரியாவுக்கு ஒரு டெஸ்ட் கூட எடுக்காம கஷ்டப்படுறவங்களைப் பாக்கும்போது மனசு ரொம்ப வேதனையா இருக்கு, ஏன்னா இது குணமாகக்கூடிய நோய்.

இன்னொரு விஷயத்துக்காகவும்தான் இதை எழுதுறேன். அல்சர்னா ஆசிட், கேஸ், ஜீரணம்னு நாம வயித்துக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கோம். உடம்புல எங்க புண்ணு வந்தாலும் அது ஆறணும்னா அந்த இடத்துக்கு ரத்தம் ஒழுங்கா போய்ச் சேரணும், வயித்துப் புண்ணு ஆழமா போனா அரிச்சு ஓட்டை போடுறதும் ஒரு ரத்தக் குழாயைத்தான், அப்படி ரத்தம் போனா அடுத்து அடி வாங்குறது இதயம், அந்த இதயத்துக்காக சாப்பிடுற மாத்திரையே சில சமயம் வயித்துல புண்ணை உண்டாக்குது. இப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கிடக்கிறதை எங்க வீட்லயே ரெண்டு பேர்கிட்ட பாத்தேன். ஒருத்தருக்கு வயித்துல, இன்னொருத்தருக்குக் கால்ல.

முதல்ல இரைப்பை எப்படித் தன்னைத்தானே காப்பாத்திக்குதுன்னு பாத்துடலாம். இரைப்பைக்குள்ள இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், பிஹெச் (எண் குறையக் குறைய ஆசிட் வீரியம் ஜாஸ்தி) 1லேர்ந்து 3 வரைக்கும் இறங்கும், இறைச்சியையே கரைச்சுடும். அப்புறம் ஏன் இரைப்பையோட சுவர் கரையலைன்னா, அது மேல வழுவழுன்னு ஒரு சளிப்படலம் இருக்கு, அதுக்குள்ள ஆசிட்டை முறிக்கிற பைகார்பனேட் இருக்கு, மேல்தோல் செல்கள் சில நாளுக்கு ஒரு தடவை புதுசா வந்துக்கிட்டே இருக்கு, அதோட சுவருக்கு அடியில ஓடுற ரத்தம் உள்ள கசியற ஆசிட்டை அப்பப்போ அடிச்சுட்டுப் போயிடுது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் யாரும் பேசுறதில்ல. பலத்த தீக்காயம் பட்டு ஐசியுல இருக்கிறவங்களுக்கும், மூச்சுக்கு மெஷின் வச்சிருக்கிறவங்களுக்கும் திடீர்னு வயித்துல புண்ணு வர்றதுக்கு முக்கிய காரணம் இரைப்பை சுவருக்கு ரத்தம் குறையறதுதான். அதனாலதான் அந்த மாதிரி நோயாளிகளுக்கு டாக்டருங்க முன்கூட்டியே ஆசிட் மருந்து குடுத்துடுறாங்க.

இப்ப பாக்டீரியா விஷயத்துக்கு வரேன். ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல ராபின் வாரன்னு ஒரு நோயியல் டாக்டர், 1979ல வயித்துத் திசுவை மைக்ரோஸ்கோப்ல பாக்கும்போது வளைஞ்ச மாதிரி பாக்டீரியாவைக் கவனிக்கிறார். இவ்வளவு ஆசிட்ல எந்தக் கிருமியும் உயிரோட இருக்காதுங்கிறதுதான் அப்போ எல்லாரோட நம்பிக்கையும். கொஞ்ச நாள்ல பாரி மார்ஷல்னு ஒரு இளம் டாக்டர் அவரோட சேர்றார். அதை லேபுல வளக்க முயற்சி பண்ணிப் பண்ணி ஒண்ணும் வரல, ரெண்டு நாள் பாத்துட்டுத் தட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க. 1982 ஈஸ்டர் லீவுல தட்டுங்க இன்குபேட்டர்லயே கூடுதல் நாள் கிடந்துச்சு, அப்பத்தான் வளந்திருந்துச்சு, விஷயம் என்னன்னா அது மெதுவா வளர்ற ஜாதி. அப்பவும் யாரும் லேசுல நம்பல. 1984ல மார்ஷல் அந்த பாக்டீரியா கலந்த திரவத்தைத் தானே எடுத்துக் குடிச்சார். சில நாள்ல குமட்டல், வாந்தி, வாய் நாத்தம், எண்டோஸ்கோபி பண்ணி, அதாவது வாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பாத்தா இரைப்பை சுவர் முழுக்க அழற்சி. அப்படிப் பண்ணது சரியா தப்பான்னு இன்னைக்கும் பேசலாம், ஆனா அதுக்கு முன்னாடி அல்சருக்கு வயித்துல பாதியை வெட்டி எடுத்துக்கிட்டு இருந்த காலம் அது, இரைப்பைக்குப் போற நரம்பைத் துண்டிச்சுக்கிட்டு இருந்த காலம், மணிக்கு ஒரு தடவை பாலும் க்ரீமும் குடுத்துக்கிட்டு இருந்த காலம். அதை நினைச்சா அந்த மனுஷனோட பிடிவாதத்துக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணுது. 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைச்சுது.

இந்தக் கிருமி ஆசிட்டுக்குள்ள எப்படிப் பிழைக்குதுன்னா, யூரியேஸ்னு ஒரு நொதியை வச்சு யூரியாவை உடைச்சு அம்மோனியா ஆக்கி தன்னைச் சுத்தி ஆசிட்டை முறிச்சுக்குது. அதோட இந்த வேலையை வச்சே அதைப் பிடிக்கிறாங்க. அடையாளம் போட்ட கார்பன் இருக்கிற யூரியாவைக் குடிக்கக் குடுத்து, கொஞ்ச நேரம் கழிச்சு மூச்சை ஒரு பையில ஊதச் சொல்லுவாங்க, அந்தக் கார்பன் மூச்சுல வந்துச்சுன்னா கிருமி இருக்குன்னு அர்த்தம். மலத்துலயும் டெஸ்ட் பண்ணலாம், எண்டோஸ்கோபி பண்ணும்போது சின்னதா சதை எடுத்தும் பாக்கலாம். டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் மாதிரி ஆசிட் குறைக்கிற மாத்திரையையும், நாலு வாரம் ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்கணும், இல்லேன்னா கிருமி உள்ள இருந்தும் இல்லேன்னு ரிசல்ட் வரும். அதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க, ரத்தம் கசியற புண்ணு இருக்கிறவங்க தானா நிறுத்திடக் கூடாது. கிருமி இருந்தா வழக்கமா 14 நாள், ஆன்டிபயாட்டிக்கும் ஆசிட் மருந்தும் சேத்துக் குடுப்பாங்க. வாய் கசக்கும், வயிறு பொருமும், அஞ்சாவது நாளே வலி போயிடும், வலி போனதும் நிறைய பேர் நிறுத்திடுறாங்க. அங்கதான் கிருமி மருந்துக்குப் பழகிப் போய், அடுத்த தடவை அதே மருந்து வேலை செய்யாது. முடிச்சப்புறம் நாலு வாரமாவது கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுத்து, கிருமி போயிடுச்சான்னு கட்டாயம் பாக்கணும், இதை எழுதிக் குடுக்கலைன்னா நாமளே கேக்கணும். ஏன்னா இந்தக் கிருமி வயித்துப் புத்துநோய்க்கும் ஒரு காரணம், உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆய்வு அமைப்பு 1994லயே இதை முதல் வகைக் காரணியா சேத்துடுச்சு. கிருமி இருக்கிற எல்லாருக்கும் அல்சர் வராது, புத்துநோயும் வராது, பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, அதனால பயந்து சாக வேண்டாம்.

இனிமேதான் எங்க பெரியப்பா கதை. அவருக்கு இதயத்துல அடைப்பு இருந்து ஸ்டென்ட் வச்சாச்சு, அதுக்குள்ள ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தினமும் சாப்பிடுறார். நடுவுல முட்டி வலி. மருந்துக் கடையில கேட்டு டைக்ளோஃபினாக்னு ஒரு வலி மாத்திரை வாங்கி சாப்பிட ஆரம்பிச்சார், இதய டாக்டர்கிட்ட அதைச் சொல்லவே இல்ல, முட்டிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்னு அவர் நினைப்பு. கொஞ்ச வாரத்துல மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது, நெஞ்சு பிசையுதுங்கிறார். எல்லாருக்கும் முதல்ல வந்த பயம், ஸ்டென்ட் அடைச்சுக்கிச்சோன்னுதான். பெரியம்மாதான் ஆஸ்பத்திரியில நர்ஸ்கிட்ட தயங்கித் தயங்கி, "ரெண்டு மூணு நாளா அவருக்கு வெளிய போறது தாரு மாதிரி கருப்பா போகுதும்மா, ரொம்ப நாத்தமா இருக்கு"ன்னு சொன்னாங்க. அந்த நர்ஸ் உடனே பெரியப்பாவோட கீழ் இமையை விரலால இழுத்துப் பாத்தாங்க. உள்பக்கம் சிவப்பா இருக்க வேண்டிய இடம் வெளுத்துப் போய் பேப்பர் மாதிரி இருந்துச்சு. ஹீமோகுளோபின் 7க்கும் கீழ. முன்சிறுகுடல்ல புண்ணு, அதுலேர்ந்து ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ஸ்டென்ட் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இதயத் தசைக்கு ஆக்சிஜன் கொண்டு போக ரத்தம்தான் பத்தல, அதுதான் நெஞ்சைப் பிசைஞ்சுது.

வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்குற விதம் பல பேருக்குத் தெரியாது. மாத்திரை இரைப்பையில பட்டு சுடுறதாலதான்னு நினைச்சு "சாப்பிட்டுட்டுப் போட்டுக்கிறேன்"னு சமாதானமாயிடுறாங்க. அசல் விஷயம், ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாமே உடம்புல புரோஸ்டாகிளாண்டின்ங்கிற பொருள் உருவாகிறதைத் தடுக்குது, இதைக் கண்டுபிடிச்சவர் ஜான் வேன், 1971ல. அந்தப் பொருள்தான் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குது, அதே பொருள்தான் இரைப்பையில சளிப்படலம் சுரக்கவும், சுவருக்கு ரத்தம் ஓடவும் உதவுது. வலியை நிறுத்தப் போய் காவலையும் சேத்து நிறுத்திடுறோம். இது ரத்தத்துல கலந்து நடக்கிற வேலை, அதனால ஊசியா போட்டாலும், மேல கோட்டிங் போட்ட மாத்திரையா இருந்தாலும், சாப்பிட்டுட்டுப் போட்டாலும் ஆபத்து முழுசா போகாது. ஆஸ்பிரினுக்கு இன்னொரு குணம் இருக்கு, அது ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுவை ஒட்ட விடாம நிரந்தரமா முடக்கிடும், அந்தத் தட்டணு சாகுற வரைக்கும், அதாவது 7லேர்ந்து 10 நாள் வரைக்கும். இதயத்துக்கு வேண்டியது அதுதான். ஆனா வயித்துல புண்ணு இருந்தா, ரத்தம் உறையாம கசிஞ்சுக்கிட்டே இருக்கும். கூட இப்யூபுரூஃபன் சேந்தா இன்னும் மோசம், புண்ணும் அதிகமாகும், அதோட ஆஸ்பிரின் தட்டணுகிட்ட போய் வேலை செய்யறதையும் இது தடுக்கலாம். வயித்துக்கும் நஷ்டம் இதயத்துக்கும் நஷ்டம்.

கருப்பு மலத்தைப் பத்தி கூச்சப்படாம பேசணும்னு நான் நினைக்கிறேன். ரத்தம் இரைப்பையிலயோ முன்சிறுகுடல்லயோ கசிஞ்சா, குடல் வழியா போறதுக்குள்ள செரிச்சு சிவப்பு மாறிக் கருப்பாயிடும், பிசுபிசுன்னு ஒட்டும், சாதாரணமா இல்லாத ஒரு கெட்ட நாத்தம் இருக்கும். 50லேர்ந்து 100 மில்லி ரத்தம் போனாலே இப்படி ஆகலாம். இரும்புச்சத்து மாத்திரையும் பிஸ்மத் மருந்தும் கூட மலத்தைக் கருப்பாக்கும், ஆனா அது தார் மாதிரி ஒட்டாது, அந்த நாத்தமும் இருக்காது. வாந்தியில காபித்தூள் மாதிரி துகள் வந்தா அதுவும் ரத்தம்தான். எழுந்து நின்னா தலை சுத்துது, நாடி படபடன்னு அடிக்குது, வேர்க்குதுன்னா வீட்ல உக்காந்து யோசிக்கவே கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். முன்சிறுகுடலுக்குப் பின்னாடியே ஒரு பெரிய தமனி (இதயத்துலேர்ந்து ரத்தம் கொண்டு வர்ற குழாய்) ஓடுது, புண்ணு அதை அரிச்சுடுச்சுன்னா நிமிஷக் கணக்குல நிலைமை மாறிடும். கத்தியால குத்துன மாதிரி திடீர்னு வலி வந்து வயிறு பலகை மாதிரி இறுகிப் போச்சுன்னா அது புண்ணு ஓட்டையாயிட்டதா இருக்கலாம், அதுக்கு ஆபரேஷன்தான்.

பெரியப்பாவுக்கு எண்டோஸ்கோபி வழியாவே ரத்தம் வந்த இடத்துல ஊசி போட்டு கிளிப் வச்சு நிறுத்திட்டாங்க. அப்புறம் வீட்ல பெரிய சண்டை, "அந்த ஆஸ்பிரினாலதானே வந்துச்சு, இனிமே அதைத் தொடவே கூடாது"ன்னு பாதி பேர். டாக்டர் அதுக்கு நேர் மாறா, ரெண்டு மூணு நாள்லயே ஆஸ்பிரினை மறுபடி ஆரம்பிச்சுட்டார். எனக்கும் அது புரியல, அப்புறம் தேடிப் படிச்சேன். ஹாங்காங்ல பண்ணி 2010ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, அல்சர்ல ரத்தம் கசிஞ்ச 156 இதய, மூளை ரத்தக்குழாய் நோயாளிகளை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு ஆஸ்பிரினைத் தொடர்ந்து குடுத்தாங்க, இன்னொரு பாதிக்கு நிறுத்திட்டாங்க, ஆசிட் மருந்து எல்லாருக்கும். தொடர்ந்தவங்களுக்கு மறுபடி ரத்தம் கசியறது கொஞ்சம் அதிகம்தான், ஆனா 8 வாரத்துல இறந்தவங்க தொடர்ந்தவங்கள்ல 1.3 சதவீதம், நிறுத்துனவங்கள்ல 12.9 சதவீதம். அதைப் படிச்சதும் நான் கொஞ்ச நேரம் அசையல. ஸ்டென்ட் வச்சவங்க யாரும் வயிறு எரியுதுன்னு ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ தானா நிறுத்திடாதீங்க, டாக்டருக்கு ஒரு போன் பண்ணிட்டு முடிவெடுங்க. குளோபிடோக்ரல் சாப்பிடுறவங்களுக்கு ஒமிப்ரசோலும் ஈசோமிப்ரசோலும் ஒத்துவராது, அந்த மருந்து உடம்புல வேலை செய்யற வடிவத்துக்கு மாறுறதை இது ரெண்டும் குறைச்சுடும், அதனால பெரும்பாலும் பான்டோப்ரசோல் எழுதுவாங்க, அதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க. முட்டி வலிக்கு இப்ப பெரியப்பா பாராசிட்டமாலும் தைலமும் பிசியோதெரபியும்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வயித்துக் கோளாறுன்னு நினைக்கிறது ரத்தக் குழாய் கோளாறா இருக்கிறது. மாரடைப்புல இதயத்தோட கீழ்ப்பக்கம் அடைச்சா, அது நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானத் தசை மேலயே உக்காந்திருக்கிறதால, மேல் வயித்துல வலி, குமட்டல், ஏப்பம்னுதான் தெரியும். பெண்களுக்கும், சக்கரை நோய் இருக்கிறவங்களுக்கும், வயசானவங்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாம இப்படி வர்றது அதிகம். "ஜெலுசில் குடிச்சேன், கேட்டுச்சு, அப்ப கேஸ்தான்"ங்கிற கணக்கு செல்லாது, ஆன்டாசிட் குடிச்சதும் வலி குறைஞ்சதை வச்சு மாரடைப்பு இல்லேன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. புதுசா மேல் வயித்து வலி, கூட வேர்வையோ மூச்சுத் திணறலோ, தாடைக்கோ கைக்கோ பரவுற வலியோ இருந்தா முதல்ல ஈசிஜி, அப்புறம்தான் அல்சர்.

குடலுக்கே ரத்தம் பத்தாத நோயும் இருக்கு. சாப்பிட்டதும் ஜீரணத்துக்காக குடலுக்கு நிறைய ரத்தம் ஓடணும், அங்க போற தமனிகள் கொழுப்பு படிஞ்சு சுருங்கியிருந்தா, சாப்பிட்டு அரை மணி ஒரு மணி நேரத்துக்குள்ள வயிறு பிடிச்சுக்கிட்டு வலிக்கும். நாளாக ஆக சாப்பாடுன்னாலே பயந்து, சாப்பாட்டைக் குறைச்சு, எடை கொட்டிப் போகும். அல்சர் மருந்து எத்தனை குடுத்தாலும் கேக்காது, ஏன்னா அது அல்சர் இல்ல. சிகரெட் பிடிக்கிறவங்க, ஏற்கனவே இதய அடைப்போ கால் தமனி அடைப்போ இருக்கிறவங்க இப்படி எடை குறைஞ்சா ரத்தக் குழாய் ஸ்கேன் பத்திக் கேக்கணும். அதேபோல இதயத்தோட பெருந்தமனி வால்வு சுருங்கின சில பேருக்கு குடல்ல சின்னச் சின்ன ரத்தக் குழாய்லேர்ந்து கசிவு வந்துக்கிட்டே இருக்கும், எட்வர்ட் ஹைட்னு ஒரு டாக்டர் 1958ல இதைக் கவனிச்சு எழுதினார். பின்னாடிதான் காரணம் தெரிஞ்சுது, குறுகின வால்வு வழியா ரத்தம் பீச்சி அடிக்கும்போது, ரத்தம் உறைய உதவுற ஒரு புரதம் துண்டு துண்டாயிடுது. வால்வை மாத்தினதும் நிறைய பேருக்குக் குடல் கசிவு நின்னு போகுது! அப்புறம் கல்லீரல் இறுகிப் போனவங்களுக்கு உணவுக்குழாய்ல சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போற குழாய்) புடைச்சு வெடிச்சு ரத்த வாந்தி வரும், அது அல்சர் ரத்தம் மாதிரியே தெரிஞ்சாலும் வைத்தியம் வேற.

இப்ப கால் புண்ணு. எங்க அத்தைக்கு உள்பக்கக் கணுக்காலுக்கு மேல ஒரு புண்ணு, மாசக்கணக்கா ஆறல. சுத்தி தோல் பழுப்பா கருத்து, கெட்டியாகி, அரிப்பு வேற, சாயங்காலம் ஆனா கால் வீங்கிடும். அவங்க வேலை நாள் முழுக்க நின்னுக்கிட்டே பாக்கிற வேலை. பவுடர், களிம்பு, ஆன்டிபயாட்டிக்னு மாத்தி மாத்தி எல்லாம் பாத்தாச்சு. கடைசியில ரத்தக் குழாய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்போ அவர் புண்ணைத் தொடக்கூட இல்ல, முதல்ல பாதத்து மேல ஜெல் தடவி ரத்த ஓட்டத்தைச் சத்தமா கேக்க வைக்கிற, பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியை வச்சார், அதுலேர்ந்து உஷ் உஷ்னு நாடி சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கணுக்கால்ல பிரஷர் பட்டை கட்டிப் பாத்து, கையோட பிரஷரால வகுத்து ஒரு எண் சொன்னார். அந்த எண் 0.9க்குக் கீழ போனா கால் தமனியில அடைப்பு இருக்கலாம்னு அர்த்தம், அத்தைக்கு 1க்கு மேல இருந்துச்சு. "தமனி நல்லா இருக்கும்மா, சிரைதான் பிரச்சனை, நல்லா இறுக்கிக் கட்டு போடலாம், ஆறிடும்"னார்.

கால் சிரைக்குள்ள மேல போற ரத்தம் கீழ திரும்பாம இருக்க சின்னச் சின்ன வால்வு இருக்கு. நாம அசையாம நின்னா பாதத்துச் சிரையில அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் மெர்க்குரி வரைக்கும் இருக்கும், நடந்தா கெண்டைக்கால் தசை பம்பு மாதிரி அமுக்கி மேல தள்ள, அது 30க்கும் கீழ இறங்கிடும். வால்வு கெட்டுப் போனவங்களுக்கு நடந்தாலும் இறங்காது, நாள் முழுக்க அந்த அழுத்தம் தோலைத் தாக்கிக்கிட்டே இருக்கும், நீர் கசியும், ரத்தச் சிவப்பணு வெளிய வந்து உடைஞ்சு அதோட இரும்புதான் தோலைப் பழுப்பாக்குது, கடைசியில ஒரு சின்னக் கீறல் போதும் புண்ணாக. அதனால இதுக்கு மருந்தே அழுத்தம்தான், கணுக்கால்ல இறுக்கமாவும் மேல போகப் போக லேசாவும் பல அடுக்குக் கட்டு.

ஆனா தமனி அடைப்பால வர்ற புண்ணுக்கு இதே கட்டைப் போட்டா காலே போயிடலாம், ஏற்கனவே குறைவா வர்ற ரத்தத்தையும் கட்டு நிறுத்திடும். அது பெரும்பாலும் விரல் நுனியிலயோ குதிகால்லயோ வரும், ஓரம் வெட்டி எடுத்த மாதிரி இருக்கும், பாதம் ஜில்லுன்னு இருக்கும், ராத்திரி படுத்தா வலி கூடும், காலைக் கட்டில்லேர்ந்து கீழ தொங்கப் போட்டா கொஞ்சம் தேவலாம்பாங்க. சக்கரை நோய்க்காரங்களுக்கு உணர்ச்சியே இல்லாம பாதத்துக்கு அடியில புண்ணு வரும், வலிக்காததாலயே கவனிக்காம விட்டுடுவாங்க, அவங்களுக்குத் தமனி சுவர் கெட்டியாகிறதால அந்தக் கணுக்கால் எண் கூட நல்லா இருக்கிற மாதிரி பொய்யா காட்டலாம், விரல்ல பிரஷர் எடுத்துப் பாக்கணும். தமனி பாக்காம ஆறாத கால் புண்ணுக்கு யாரும் இறுக்கிக் கட்டு போட விடாதீங்க. சிகரெட் இங்கயும் எதிரிதான், வயித்துப் புண்ணையும் ஆற விடாது, கால் தமனியையும் அடைக்கும்.

அத்தைக்குக் கட்டு வாரா வாரம் மாத்துனாங்க. முதல் ரெண்டு மூணு தடவை வலி தாங்காம அழுதாங்க, அப்புறம் வீக்கம் வத்த வத்த புண்ணோட ஓரத்துலேர்ந்து இளஞ்சிவப்பா புதுத் தோல் உள்ள நோக்கி வந்துச்சு, நல்லா ஆறிடுச்சு. ஆறினப்புறமும் காலையில எழுந்து கால் வீங்குறதுக்கு முன்னாடியே கம்ப்ரஷன் சாக்ஸ் போட்டுக்கணும், அது இழுவை போயிடும்ங்கிறதால 3லேர்ந்து 6 மாசத்துக்கு ஒரு தடவை புதுசு வாங்கணும். தோல் மூடுனாலும் உள்ள அந்த வால்வு சரியாகல, அதனால கெட்டுப் போன சிரையை லேசர் வச்சு அடைச்சுடலாமான்னு பாக்க அடுத்த ஸ்கேனுக்கு தேதி வாங்கியிருக்கோம்.